மரியோ வானம் நீலமா, ஊதாவா? நூல் வாங்கும் முன் கேட்கிறேன்

நூல்கண்டு (கடலூர் முதுநகர்)
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். நான் கேம் ஆடுகிறவள் இல்லை, தைக்கிறவள். கேள்வி கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணனுக்கு வரும் தையில் 45 வயது முடிகிறது. கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று யோசித்தபோது மரியோதான் நினைவுக்கு வந்தது. 1995 வாக்கில் அப்பா பாண்டியிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கறுப்புப் பெட்டி, மஞ்சள் கேசட். அண்ணன் ஆடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். என் முறை வருவதற்குள் கரண்ட் போய்விடும், இல்லாவிட்டால் அப்பா செய்தி பார்க்க வந்துவிடுவார். அதனால் அந்தப் படத்தை அண்ணனைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்பது என் கட்சி.

முதல் கட்டத்தில் வரும் காட்சியை மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச் போடப் போகிறேன். ஒரு பிக்சலுக்கு ஒரு தையல். 128 தையல் அகலம், 96 உயரம், மொத்தம் 12,288. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். அதில் பாதிக்கு மேல் வெறும் வானம். அந்த ஒரு நிறம் தப்பினால் மூன்று மாத வேலையைப் பிரிக்க வேண்டும், அதற்கு என் கண்ணிலும் தெம்பில்லை.

அக்கா பையன் லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டி மாதிரி நடிக்கும் மென்பொருள்) போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். படத்தைத் தையல் கட்டமாக மாற்றிக் கொடுக்கும் தளம் ஒன்றில் ஏற்றினேன். 63 நிற நூல் வேண்டும் என்றது! இந்தப் படத்தில் 63 நிறமா? மரியோவின் தொப்பியைச் சுற்றி மட்டுமே ஆறு விதச் சிவப்பு கேட்கிறது.

சரி, வேறு எமுலேட்டரில் பார்ப்போம் என்று இன்னொன்றை நானே இறக்கினேன். அதில் வானமே மாறிவிட்டது. நிறம் எடுக்கும் கருவியை வைத்துப் பார்த்தால் முதலாவதில் வானம் 92, 148, 252. இரண்டாவதில் 146, 144, 255. முதலாவது மழை விட்ட மறுநாள் காலை மாதிரி பளிச்சென்ற நீலம். இரண்டாவது சங்குப்பூவைக் கசக்கித் தண்ணீரில் விட்ட மாதிரி. லாரன்ஸ் ரோட்டில் நூல் கடைக்காரரிடம் இரண்டையும் காட்டினேன். "வானம்னா நீலம்தானேம்மா" என்று நான்கு கண்டுகளை எடுத்துப் போட்டார். நான்கும் நான்கு நீலம்.

ஏதோ சாக்குச் சொல்லி இரண்டு படத்தையும் அண்ணனுக்கு அனுப்பினேன். "ரெண்டுமே நம்ம வீட்டு வானம் இல்ல பாப்பா. அப்புறம், நம்ம மரியோ இன்னும் கொஞ்சம் குண்டா இருப்பான்" என்று பதில் வந்தது. அவருக்கு மறதி என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உண்மையான நிறம் எது? எப்படி எடுப்பது?


லாஸ்பேட்டை ஜாய்ஸ்டிக்
ஞாயிறு, இரவு 10.15

அக்கா, 63 நிறத்துக்குக் காரணம் வாட்ஸப். அது படத்தை ஜேபெக் ஆக்கிவிடும். ஜேபெக்கில் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சிக்கனமாகச் சேமிப்பார்கள். போட்டோவில் தெரியாது. ஆனால் சிவப்புத் தொப்பி நீல வானத்தைத் தொடுகிற இடத்தில் இரண்டும் கலந்து கலங்கலாக ஏதோ ஒன்று வரும். உங்கள் ஆறு சிவப்பு அதுதான். பையனை பிஎன்ஜி கோப்பாக (நிறம் கலங்காமல் அப்படியே சேமிக்கும் வகை) எடுத்து, 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முழுத்திரையில் ஆடும்போது பிரிண்ட் ஸ்கிரீன் அடிக்க வேண்டாம். 240 வரிப் படத்தை 1,080 வரிக்கு இழுத்தால் நாலரை மடங்கு. அரை பிக்சல் எங்கே போகும்? பக்கத்து நிறத்தோடு கலந்து புது நிறமாகும். எமுலேட்டருக்குள்ளேயே ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் பொத்தான் இருக்கும், அது 256-க்கு 240 என்ற அசல் அளவில் எடுத்துக் கொடுக்கும்.

வானம் ஊதாதான். என் போனில் நன்றாகவே ஊதாவாகத் தெரிகிறது. முதல் எமுலேட்டர் பழசு, தூக்கிப் போடுங்கள்.


இருபத்தொரு முள் (முத்தியால்பேட்டை)
திங்கள், காலை 7.05

ஜேபெக் பற்றித் தம்பி சொன்னது அத்தனையும் சரி. கடைசிப் பத்தி சரியில்லை. தம்பி, உங்கள் போனில் 'விவிட்' என்று திரை அமைப்பு ஓடுகிறதா, இரவில் கண்ணுக்கு இதமாக மஞ்சளாக்கும் வசதி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவை திரையில் தெரிவதை மாற்றும், ஸ்கிரீன்ஷாட் கோப்பில் ஏறாது. ஒரே கோப்பு, ஆளுக்கொரு வானம். அதனால் கண்ணால் பார்த்து ஊதா, நீலம் என்று இங்கே சண்டை போடுவதில் பயனில்லை. அக்கா செய்த மாதிரி எண்ணைச் சொன்னால் பேசலாம்.

அக்கா, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: அந்த கேசட்டுக்குள் நிறமே கிடையாது.

எண்தான் உண்டு. மரியோ வானத்துக்கு எண் 22. பதினாறின் அடிமானத்தில் எழுதுகிற 22. முதல் 2 வெளிச்சத்தின் படி, மொத்தம் நான்கு படிகள். அடுத்த 2 நிறச் சக்கரத்தில் எந்த இடம் என்பது, 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இடங்கள். சாம்பல், கறுப்பு எல்லாம் சேர்த்து 64 எண்கள். அதிலும் சில எண்கள் கறுப்பையே திரும்பத் திரும்பச் சொல்லும், வேறுபட்டுத் தெரிவது 54 சொச்சம்தான்.

நீங்கள் நினைப்பீர்கள், அந்த 22-ஐ இயந்திரம் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்று எங்காவது மாற்றியிருக்கும், அந்த எண்ணைத் தேடி எடுத்தால் போதும் என்று. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். அது எங்கேயும் மாற்றுவதில்லை. படம் வரையும் சிப் 22-ஐ நேராக மஞ்சள் ஒயரில் போகிற காம்போசிட் அலையாக்கி, அதாவது வெளிச்சமும் நிறமும் கலந்த ஒரே அலையாக்கி, அனுப்பிவிடும். அந்த அலையைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்தது உங்கள் வீட்டு டிவி. ஆக, வானம் உங்கள் கூடத்தில்தான் நிறமானது.

அப்படியென்றால் எமுலேட்டர் எழுதுகிறவர் என்ன செய்வார்? 64 எண்ணுக்கும் ஒவ்வொரு நிறம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்வார். ஒரு நிறத்துக்கு மூன்று பைட், ஆக 192 பைட் கோப்பு. ஒருவர் அலையின் கணக்கைப் போட்டு அந்தப் பட்டியலைச் செய்வார். ஒருவர் டிவி அலையைக் கணினியில் பதியும் கேப்சர் கார்டில் பிடித்து அளப்பார். ஒருவர் தன் பழைய டிவியைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துத் திருத்துவார். உங்களுக்குக் கிடைத்த இரண்டு வானமும் அப்படி இரண்டு பேருடைய தீர்ப்பு. பழசு, புதுசு என்று ஒன்றைத் தள்ள முடியாது.

மரியோவைச் செய்த நின்டெண்டோவே நேரடி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும்) சிப்பும் செய்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் பிளேசாய்ஸ்-10 போன்ற இயந்திரங்களுக்காக. அதில் பட்டியல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமே என்றால், அதன் நிறங்கள் வீட்டு டிவியில் தெரிந்தவற்றோடு ஒத்துப்போகவில்லை.

என் பெயருக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து அங்கேயே தங்கிவிட்டவர். 1993 விடுமுறைக்கு வந்தபோது எனக்கு நின்டெண்டோ கொண்டுவந்தார், அசல். பெட்டியைத் திறந்தால் ஒயரின் நுனியில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செருகி, 21 முள். பெரிடெல் என்பார்கள். பிரான்சில் அப்போது டிவியின் பின்னால் அந்தத் துளை இருந்தே ஆக வேண்டியிருந்தது. பாண்டியில் எங்கள் தெருவில் எந்த டிவியிலும் இல்லை. பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பையன்களுக்குக் காட்டிக்காட்டியே அந்தக் கோடை போனது.

பல வருடம் கழித்து அதற்கேற்ற மானிட்டர் கிடைத்தது. பிரெஞ்சு மாடலில் ஆர்ஜிபி வெளிவரும் என்று படித்திருந்தேன், இனி வானத்தின் நிறம் என் கையில் என்று துள்ளினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே தனியாக ஒரு சின்ன போர்டு. அதே பழைய காம்போசிட் அலையை வாங்கி, உள்ளேயே ஆர்ஜிபி ஆக்கி, 21 முள்ளுக்கு அனுப்புகிறது. டிவிக்குள் இருக்க வேண்டிய வேலையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிரான்சில் அப்போது செகாம் என்ற வேறொரு நிற முறை டிவி, அதனால் அந்தச் சுற்றுவழி.

அக்கா தைப்பதற்கு ஒரு சேதி: அந்த விளையாட்டில் மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். நிறப்பட்டியல் மட்டும் வேறு. ஒரு கட்டம் வரைந்துகொண்டால் போதும், நூலை மாற்றி இரண்டையும் போட்டுவிடலாம்.


பழைய டியூப் (நெல்லிக்குப்பம்)
திங்கள், மதியம் 2.30

பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். நான் 1988-இலிருந்து டிவி ரிப்பேர். இப்போது கண் சரியில்லை, சால்டரிங்கை விட்டுவிட்டேன். வாய் நன்றாக இருக்கிறது.

முள் தம்பி சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். டிவிக்கு நிறம் அனுப்பும் முறை அமெரிக்கா, ஜப்பானில் என்டிஎஸ்சி. அந்த டிவிகளில் 'டின்ட்' என்று ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் முகம் பச்சையாகும், மறுபக்கம் திருப்பினால் ரோஸாகும். அங்கே நீலமா ஊதாவா என்பது அந்த வீட்டுப் பெரியவர் திருகை எங்கே விட்டார் என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் 1982-இல் கலர் வந்ததிலிருந்தே பால் முறை. குடிக்கிற பால் இல்லை, ஜெர்மனியில் கண்டுபிடித்த முறையின் பெயர். ஒரு வரி விட்டு ஒரு வரி நிற அலையின் ஒரு பகுதியைத் தலைகீழாக அனுப்புவார்கள். வழியில் நிறம் கொஞ்சம் தடம் மாறினாலும் இரண்டு வரியிலும் எதிரெதிராக மாறும், சேர்ந்தால் சரியாகிவிடும். நிறம் சற்று வெளிறும், ஆனால் நீலம் ஊதாவாகாது. அதனால் நம் டிவியில் டின்ட் திருகே கிடையாது. கலர், பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், அவ்வளவுதான்.

தங்கச்சி, உங்கள் வீட்டுப் பெட்டி அசல் நின்டெண்டோ இருக்க முடியாது. கறுப்புப் பெட்டி, மஞ்சள் கேசட் என்று சொல்லும்போதே தெரிகிறது. நான் திறந்து பார்த்தவை எல்லாம் நகல் சிப், நம் டிவிக்கு ஏற்றபடி நொடிக்கு 50 சுழற்சியில் ஓடுபவை. உங்கள் எமுலேட்டர் அமெரிக்கப் பெட்டியை நடிக்கிறது, நீங்கள் பார்த்தது வேறு. அண்ணனுக்கு மறதி இல்லை.

குண்டு மரியோவும் உண்மை. சொல்கிறேன், கேளுங்கள். இரண்டு பெட்டியும் ஒரு பிக்சலை ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரையும், ஆகவே அகலம் மாறாது. ஆனால் அமெரிக்க டிவிக்கு 525 வரி, நமக்கு 625. அதே கண்ணாடிக்குள் அதிக வரி என்றால் வரிகள் நெருங்கி உட்காரும். விளையாட்டுக்கு இருப்பதோ 240 வரி. ஆக, படம் உயரம் குறைந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுத் தெரியும். ஒரு பிக்சல் ஒரு பங்கு உயரம் என்றால் 1.39 பங்கு அகலம். சின்ன மரியோ 12 பிக்சல் அகலம், 16 உயரம். நம் டிவியில் அகலமும் உயரமும் சமமாகிவிடும். குண்டன்தான். ஓட்டமும் ஆறுக்கு ஐந்து என்று மெதுவாகும், பாட்டு இழுக்கும். அந்த இழுவைப் பாட்டுதான் பாட்டு என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய.

வெளிச்சத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் டிவியைச் சரிபார்த்துக் கொடுத்து வருவோம். அடுத்த வாரம் போனால் கலரை முழுக்க ஏற்றி வைத்திருப்பார்கள். வாங்கியது கலர் டிவி, கலர் தெரிய வேண்டாமா என்பார்கள். வெள்ளையும் சுத்த வெள்ளை இல்லை. சலவை வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி சற்று நீலம் தூக்கலாக வைத்தால்தான் பளிச்சென்று இருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் வைத்துக் கொடுப்பேன். ஆக, உங்கள் வானம் அந்த இரண்டு எண்ணில் எதுவானாலும் அதைவிட அழுத்தமாகவே இருந்திருக்கும்.

ஒரு கேள்வி. டிவியை எங்கே வைத்திருந்தீர்கள்? பக்கத்தில் என்ன இருந்தது?


சில்வர் பீச் எஸ்பி
திங்கள், இரவு 8.50

நடுவில் நுழைகிறேன். என் பிரச்சினை கேம்பாய் அட்வான்ஸ், கையில் பிடித்து ஆடும் நின்டெண்டோ கருவி. எமுலேட்டரில் எடுத்த படங்கள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறி, அதே சமயம் கண்ணைக் குத்துகின்றன. அதற்கும் இதே பதில்தானா?


இருபத்தொரு முள் (முத்தியால்பேட்டை)
திங்கள், இரவு 9.30

இல்லை. அங்கே எண் தெளிவாக இருக்கிறது: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 32 படி, மொத்தம் 32,768 நிறம். குழப்பம் திரையில். 2001-இல் வந்த முதல் மாடலில் விளக்கே கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து சாய்த்துப் பிடித்து ஆட வேண்டும். திரை இருட்டு, நிறமும் சப்பென்று இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு விளையாட்டு செய்தவர்கள் நிறத்தையெல்லாம் தூக்கி வைத்தார்கள். உப்பு உறைக்காத நாக்குக்கு இரண்டு மடங்கு உப்புப் போட்ட மாதிரி. அந்த எண்ணை அப்படியே இன்றைய திரையில் போட்டால் கரிக்கத்தான் செய்யும். எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டர்களில் நிறத் திருத்தம் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டரில் ஷேடர் (திரையில் காட்டும் முன் படத்தை மாற்றும் வடிகட்டி) போட்டுத் திருத்தி எடுத்தால் 'ஜிபியு ஸ்கிரீன்ஷாட்' என்ற அமைப்பைக் கவனியுங்கள். அது இயங்கினால் திருத்தத்தோடு எடுக்கும். அணைந்திருந்தால் திரையில் ஒன்று தெரியும், கோப்பில் திருத்தாத வேறொன்று கிடக்கும்.

சூப்பர் நின்டெண்டோவுக்கும் 32 படிதான். அதில் சில பழைய எமுலேட்டர்கள் எண்ணை எட்டால் பெருக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். உச்சம் 31, எட்டால் பெருக்கினால் 248. வெள்ளை 255-க்குப் போகாமல் அழுக்கு வெள்ளையாக நிற்கும். உங்கள் படத்தில் தூய வெள்ளை 248 என்று வந்தால் காரணம் இதுதான்.

சேகாவின் மெகா டிரைவ் கேம் பெட்டி இன்னும் வேடிக்கை. நிறத்துக்கு எட்டே படி. எட்டையும் சமமாகப் பிரித்தால் 0, 36, 73, 109, 146, 182, 219, 255. ஆனால் சிப்பிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 0, 52, 87, 116, 144, 172, 206, 255. நடுப்படிகள் நெருக்கமாக, இரண்டு கோடியிலும் பெரிய தாவல். கீழ்ப்படி 36-ஆ, 52-ஆ என்பதில் இருட்டுக் காட்சிகள் அடியோடு மாறிவிடும். அந்த இயந்திரத்தில் 'சரியான நிறம்' என்று தைரியமாகச் சொல்லலாம், அளந்திருக்கிறார்கள். அக்கா கேட்ட இயந்திரத்தில்தான் கையை விரிக்க வேண்டியிருக்கிறது.


நூல்கண்டு (கடலூர் முதுநகர்)
வியாழன், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பையன் எமுலேட்டரின் சொந்தப் பொத்தானில் பிஎன்ஜி எடுத்து டாக்குமென்டாக அனுப்பினான். இர்ஃபான்வியூவில் திறந்து தகவல் பக்கத்தைப் பார்த்தால் எத்தனை தனி நிறம் என்று காட்டுகிறது. வாட்ஸப்பில் வந்த பழைய படத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்! புதியதில் 11. பதினொன்று! கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து. வீட்டு நூல் டப்பாவிலேயே ஆறு கிடைத்துவிட்டது. மேகமும் புதரும் ஒன்று என்பதை எண்ணிப் பார்த்தேன், கட்டத்துக்குக் கட்டம் ஒன்றேதான். முப்பது வருடம் பார்த்த படத்தில் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது!

வானத்துக்கு ஐயா சொன்னதை மனதில் வைத்து மூன்று கண்டு வாங்கினேன். ஒன்று சுத்த நீலம், ஒன்று ஊதா சாய்ந்தது, ஒன்று இரண்டுக்கும் நடுவில் ஆனால் நல்ல அழுத்தம். கடையின் டியூப்லைட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று போல இருந்தன. வீட்டுத் திண்ணைக்கு வந்து காலை வெயிலில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இனிமேல் நூலை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

மூன்றிலும் துணி ஓரத்தில் பத்துக்குப் பத்து தைத்து, நடுவில் சிவப்பில் நாலு தையல் போட்டு வைத்தேன். தனியாகப் பார்க்கும்போது ஒரு நிறம், சிவப்புக்குப் பக்கத்தில் வேறு நிறம், இது தைக்கிறவர்களுக்குத் தெரியும். நேற்று அண்ணன் நெய்வேலியிலிருந்து வந்திருந்தார். கொலுவுக்குப் பின்னால் தொங்கவிட என்று சொல்லி, "அந்த கேம் வானம் மாதிரி வேணும், எது?" என்று கேட்டேன். சந்தேகம் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. முதலாவதை உடனே தள்ளினார். மற்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, மூன்றாவதன் மேல் விரலை வைத்தார். எமுலேட்டர் இரண்டிலும் இல்லாத நிறம்.

அதோடு விட்டிருந்தால் சரி. "ஆனா ஒரு மூலைல ரோஸ் அடிச்சிருக்குமே" என்றார்.

எந்த மூலை என்றேன். மேலே, வலது பக்கம். சொன்னதும் எனக்கும் படக்கென்று வந்துவிட்டது. மேகம் அந்தப் பக்கம் நகர்ந்து போகும்போது வெள்ளை கொஞ்சம் சிவந்து வெளியே போகும். நான் அதை விளையாட்டிலேயே அப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சாயங்காலம் போல.

ஐயா கேட்டதற்குப் பதில்: டிவி கூடத்தில், மர ஸ்டாண்டில். வலப்பக்கம் அப்பாவின் டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கர் பெட்டி, ஒட்டினாற்போல்.


பழைய டியூப் (நெல்லிக்குப்பம்)
வெள்ளி, காலை 6.20

அதற்குத்தான் கேட்டேன். ஸ்பீக்கருக்குள் காந்தம். டியூபுக்குள் கண்ணாடியை ஒட்டி ஓட்டை போட்ட இரும்புத் தகடு ஒன்று உண்டு. பின்னாலிருந்து வரும் மூன்று மின்கதிரும் அந்த ஓட்டை வழியே புகுந்து, தன் தன் நிறப் புள்ளியில் விழ வேண்டும். தகடு காந்தம் பிடித்துக்கொண்டால் கதிர் கொஞ்சம் விலகி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும். நீலப் புள்ளியில் விழ வேண்டியது சிவப்பில் விழும், வானம் ரோஸாகும்.

டிவி போட்டதும் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்கும், நினைவிருக்கிறதா? அது இந்தக் காந்தத்தைக் கழற்றுகிற சுருள். ஆனால் ஸ்பீக்கர் அதே இடத்தில் இருந்தால் அது தினமும் கழற்றும், இது தினமும் ஏற்றும். இதற்காக என்னைக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். போய் ஸ்பீக்கரை நகர்த்தி வைத்துவிட்டு, காசு கேட்கக் கூச்சமாக இருக்கும். காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

எந்த எமுலேட்டரிலும் உங்கள் ஸ்பீக்கர் வராது தங்கச்சி.


லாஸ்பேட்டை ஜாய்ஸ்டிக்
வெள்ளி, காலை 9.00

விவிட் போட்டுத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். இப்போது பாதி ஊதா.


நூல்கண்டு (கடலூர் முதுநகர்)
சனி, இரவு 9.15

என் படத்தின் அகலம் பாதித் திரைதான். கணக்குப்படி அந்த மூலை இதற்குள் வராது. வராவிட்டால் என்ன, மூலை மூலைதான். மேலே வலது பக்கம் 18 கட்டம் அகலம், 11 கட்டம் உயரம் குறித்துவிட்டேன். ஓரத்தில் இரண்டு இழையும் ரோஸ், உள்ளே வர வர ஓர் இழை ரோஸ், ஓர் இழை நீலம். ஒரே ஊசியில் இரண்டையும் கோத்துத் தைத்தால் நிறம் கலந்து மங்கும்.

மரியோவைக் குண்டாக்க முடியவில்லை, துணியின் கட்டம் சதுரம். அதற்கு அண்ணன் மன்னிக்க வேண்டும்.

ரோஸ் வாங்க இன்று லாரன்ஸ் ரோட்டுக் கடைக்கே போனேன். அவருக்கு என்னை நினைவிருக்கிறது. "வானத்துக்கு ரோஸ் எதுக்கும்மா?" என்றார். ஸ்பீக்கருக்கு என்றேன்.